சோலாரும் ஜெனரேட்டரும் ஒரே வீட்டில்: எந்த வயர் எங்கே போகணும்?

மிட்ராண்ட்வாசி | திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். 2023 ல் நம் தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஆறாம் நிலை வரைக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில் வீட்டுக்கு 8 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, மாநகராட்சிக் கரண்ட் மூன்றையும் சேர்த்து ஓட்டுவது) போட்டேன். 5.12 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு, கூரையில் 550 வாட் பேனல் பன்னிரண்டு. அதற்கு முன்னாலேயே வாங்கிய 6.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று கராஜில் கிடக்கிறது.

2024 மார்ச் 26 க்கு அப்புறம் லோட்ஷெட்டிங் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கம் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் ஓயவில்லை. போனால் இரண்டு நாள், மூன்று நாள் என்று போகிறது. அதே சமயம் வானம் மூடிக்கொண்டால் பேட்டரியும் காலி. அம்மா ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கிறார். அதனால் ஜெனரேட்டரையும் ஒழுங்காக இணைத்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன்.

ஒரு எலக்ட்ரீஷியன், இன்வெர்ட்டரிலேயே ஜெனரேட்டருக்கு என்று தனி முனை இருக்கிறது, அதில் கொடு என்கிறார். இன்னொருவர் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஒரு கரண்ட்டை விட்டு இன்னொன்றுக்கு மாற்றுவது) போட்டு, மாநகராட்சிக் கரண்ட் வருகிற கிரிட் முனையிலேயே கொடுக்கலாம் என்கிறார். மூன்றாவது ஆள், இரண்டும் வேண்டாம், இன்வெர்ட்டர் அவுட்புட் பக்கத்து டி.பி. என்கிற மின்பலகையில் நேராகச் சேர்த்துவிடலாம் என்று கை காட்டிவிட்டுப் போனார். எதை நம்புவது?


யாழ்-பெனோனி | திங்கள் இரவு

அண்ணை, மூண்டாவது ஆளின்ர கதையை மட்டும் கேக்காதேங்கோ. இன்வெர்ட்டரின்ர லோட் முனைக்கு வெளியில இருந்து வேற கரண்ட் வந்தா அண்டைக்கே அதின்ர கதை முடிஞ்சுது. ரெண்டும் தன் பாட்டுக்கு அலை போடுங்கள், ஒண்டோடு ஒண்டு ஒத்துப் போகாது. உள்ளுக்கு இருக்கிற பவர் ட்ரான்சிஸ்டர் எல்லாம் வெடிச்சுப் போகும். மற்ற ரெண்டையும் பற்றி டர்பன் வயர்மேன் அண்ணை வந்து சொல்லட்டும்.


வெருலம் கடைக்காரர் | செவ்வாய் காலை

இவ்வளவு யோசிக்க வேண்டாம் தம்பி. என் கடையில் இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த கேபிள் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். மெயின் பிரேக்கரை இறக்கு, ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணு, சுவரில் இருக்கிற பிளக்கில் செருகு. முழுக் கடையும் எரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இதுதான் ஃபிரிட்ஜில் இருந்த சரக்கைக் காப்பாற்றியது.


டர்பன் வயர்மேன் | செவ்வாய் மாலை

வெருலம் அண்ணா, வயதில் மூத்தவர் என்பதால் பணிவாகவே சொல்கிறேன். அந்தக் கேபிளை இன்றைக்கே நடுவில் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

மெயினை இறக்குவது மறக்காத வரைக்கும்தான் அது வேலை செய்யும். இருட்டில், மழையில், கடைப் பையன் ஒருவன் மறந்தால் போதும். தெருமுனையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 400 க்கு இறக்குகிறது. அதற்கு ஒரு வழிப்பாதை என்று எதுவும் கிடையாது. கீழே இருந்து 230 கொடுத்தால் மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும். பக்கத்து வீட்டு லோடு எல்லாம் சேர்ந்து இழுத்து ஜெனரேட்டரே நின்றுவிடும், ஒன்றும் ஆகாது என்பார்கள். பல நேரம் நிற்கும். ஆனால் வெள்ளத்தில் கம்பம் சாய்ந்து, உங்கள் கடையும் அந்த டிரான்ஸ்ஃபார்மரும் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டால் அது நிற்காது. அப்போது கம்பத்தில் ஏறியிருப்பவர், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பார். நீங்கள் சொல்கிற அந்த 2022 வெள்ளத்தில் மாநகராட்சி ஆட்கள் ராப்பகலாக அறுந்த கம்பிகளோடு நின்றார்கள்.

மாநகராட்சிக் கரண்ட் திடீரென்று திரும்பி வந்தால் வேறொரு ஆபத்து. இரண்டு அலையும் முட்டிக்கொள்ளும், ஜெனரேட்டர் எரியும், பக்கத்தில் பெட்ரோல் கேன் இருந்தால் கடையும் எரியும். சுவரிலிருந்து பிளக்கை உருவினால் அந்த உருண்டை முள் மூன்றும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். குழந்தை தொட்டால்?

63 ஆம்பியர் இரண்டு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். ஒன்று, பூஜ்யம், இரண்டு என்று மூன்று நிலை இருக்கிற வகை. முதல் பக்கத்தை விட்டபிறகுதான் இரண்டாவது பக்கத்தைத் தொடும். மறதிக்கு அங்கே இடமே இல்லை. லைவ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுவதாக இருக்க வேண்டும், லைவை மட்டும் மாற்றுவது வேண்டாம்.

இனி மிட்ராண்ட் தம்பிக்கு.

உங்கள் மாதிரி இன்வெர்ட்டரில் ஜெனரேட்டர் முனை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வருகிற கரண்ட் ஜெனரேட்டர்தான் என்று அப்போதே இன்வெர்ட்டருக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு இழுக்கலாம், பேட்டரிக்கு எத்தனை ஆம்பியர் என்று தனித்தனியாக வரம்பு வைக்க முடியும். கிரிட் முனையில் கொடுத்தால் அது மாநகராட்சிக் கரண்ட் என்றே நினைத்துக்கொள்ளும். கிரிட்டுக்கு மின்சாரம் ஏற்றுமதி செய்யும் அமைப்பு ஆன் ஆகியிருந்து, மத்தியானம் வெயிலும் அடித்தால், மிஞ்சுகிற சோலார் முழுவதையும் உங்கள் ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளும். ஜெனரேட்டரால் கொடுக்கத்தான் முடியும், வாங்கிக்கொள்ளத் தெரியாது. முதலில் அதன் வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். போகும்.

சில மாடல்களில் கிரிட் முனையில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லிவைக்க அமைப்பிலேயே ஒரு இடம் உண்டு. அதை டிக் செய்தால் கிரிட் முனை வழியும் சரிதான். ஆனால் மாநகராட்சிக் கரண்ட் வந்ததும் அதை எடுக்க வேண்டும், போனதும் போட வேண்டும். நடைமுறையில் யாரும் செய்ய மாட்டார்கள்.


பிரிட்டோரியா பொறியாளர் | செவ்வாய் இரவு

வயர்மேன் சொன்னதோடு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடாமல் இணைத்தால் முதல் நாளே ஏமாற்றம்தான்.

6.5 கேவிஏ என்று ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் சில நொடிகளுக்கான உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 5 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் டர்பன் கடற்கரையில். நாம் இருப்பது ஹைவெல்ட் என்கிற மேட்டுநிலம். மிட்ராண்ட் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர். காற்று மெல்லிசாக இருப்பதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இஞ்சின் ஏறத்தாழ 3.5 விழுக்காடு சக்தியை இழக்கும். 5 கிலோவாட் 4.1 ஆகிவிடும். அதையும் முழுதாக மணிக்கணக்கில் இழுக்கக் கூடாது, முக்கால் பங்குக்குச் சற்று மேல் நிறுத்திக்கொண்டால் 3.2 கிலோவாட்.

வீட்டு லோடு 1 கிலோவாட் போனால் பேட்டரிக்கு 2.2 மிஞ்சும். 52 வோல்ட்டில் 40 ஆம்பியர். எனவே ஜெனரேட்டர் சார்ஜ் வரம்பை 40 இல் வையுங்கள். பல இன்வெர்ட்டர்களில் இது பெரிய எண்ணில் கிடக்கும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி, இன்வெர்ட்டர் சேர்ந்து, பேட்டரி 100 ஆம்பியர் கேட்டதும் இஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். ஆட்கள் ஜெனரேட்டரைத் திட்டுவார்கள்.

அம்மாவின் கான்சன்ட்ரேட்டர் 5 லிட்டர் வகை என்றால் ஏறத்தாழ 350 வாட். இரவு பத்து மணி நேரத்துக்கு 3.5 கிலோவாட்-மணி. உங்கள் பேட்டரி தாராளமாகத் தாங்கும். மாலையில் ஜெனரேட்டரை மூன்று மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை ஏற்றி வைத்துவிட்டு இரவில் அணைத்துவிடலாம். ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை.


லெனேஷியா செவிலியர் | செவ்வாய் இரவு

இரவில் அணைத்துவிடுங்கள் என்று எழுதியதற்கு நன்றி ஐயா. ஜெனரேட்டர் கராஜில் கிடக்கிறது என்று தம்பி எழுதியதைப் படித்ததும் பதறிவிட்டது. அங்கே வைத்து ஓட்டக் கூடாது. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கும். காய்ச்சல் வருகிறதோ என்று நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. ஏற்கெனவே நுரையீரல் சரியில்லாத அம்மா இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஜூன், ஜூலை குளிரில் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிடுவோம், அதையும் நினைவில் வையுங்கள்.

வெளியில், ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்த மாதிரி வையுங்கள். அம்மா அறையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.


மிட்ராண்ட்வாசி | வியாழன் இரவு

அக்கா, ஜெனரேட்டர் இனி பின் சுவர் ஓரம் தகரக் கூரைக்குக் கீழே, மூன்று பக்கமும் திறந்த இடத்தில். அலாரம் ஆர்டர் செய்தாகிவிட்டது.

வயர்மேன் அண்ணா, ஜெனரேட்டர் முனையில் கொடுக்க எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். இரண்டு சந்தேகம்.

ஒன்று, இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைச் சேர்க்கிறது, பத்து நொடியில் விடுகிறது, மறுபடி சேர்க்கிறது. டக், டக் என்று ரிலே அடித்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டு, ஜெனரேட்டரைத் தனியாக ஓட்டி அதன் சாக்கெட்டிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தோம். லைவுக்கும் நியூட்ரலுக்கும் 232 வோல்ட். லைவுக்கும் எர்த்துக்கும் 118, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 113. அவர் அது பரவாயில்லை என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.


பிரிட்டோரியா பொறியாளர் | வியாழன் இரவு

முதல் சந்தேகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோல் ஜெனரேட்டர் லோடு இல்லாமல் சும்மா ஓடும்போது 52, 53 ஹெர்ட்ஸில் சுற்றும். லோடு ஏறினால் 49 க்கு இறங்கும். நம் நாட்டு கிரிட் விதியான என்.ஆர்.எஸ். 097-2-1 இன்படி இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்வது 47 முதல் 52 ஹெர்ட்ஸ் வரை. லோடு இல்லாமல் 52.5 இல் நிற்கும் ஜெனரேட்டரை அது தள்ளிவிடுகிறது. வேகம் கொஞ்சம் ஆடி 52 க்குக் கீழே இறங்கியதும் சேர்க்கிறது. அந்தச் சேர்க்கையின் அதிர்ச்சியில் ஜெனரேட்டர் ஆட, மறுபடி விடுகிறது.

இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்க்ரூவைத் தெரிந்தவர் கையால் கொஞ்சம் இறக்கி, லோடு இல்லாமல் 51.5 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். கிரிட் வரம்பைத் தளர்த்திவிடாதீர்கள். ஜெனரேட்டர் முனைக்குத் தனி வரம்பு இருந்தால் அதை மட்டும் தொடுங்கள். கிரிட் அமைப்பு மாநகராட்சியில் பதிந்தது, லைன் ஆட்களின் உயிர் அதில்தான் இருக்கிறது. கரண்ட் போன 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் விலகிக்கொள்வதும் அந்த விதிப்படிதான்.


டர்பன் வயர்மேன் | வெள்ளி மாலை

இரண்டாவது சந்தேகம் பெரியது. உங்கள் மனசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது தம்பி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் அதிகம் கோட்டைவிடுகிற இடம் இது.

118, 113 என்று பாதிப் பாதியாக வந்தால் அந்த ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு கட்டப்படவே இல்லை என்று பொருள். மிதக்கிறது. சின்ன ஜெனரேட்டர்கள் பல அப்படித்தான் வரும். ஒரே ஒரு விளக்கையோ டிரில்லையோ நேராகச் செருகி ஓட்டுவதற்கு அது போதும். வீட்டு டி.பி. யோடு சேர்க்கிறபோது போதாது.

மாநகராட்சிக் கரண்ட் இருக்கும்போது நியூட்ரலும் எர்த்தும் அவர்கள் பக்கத்திலேயே ஒன்றாகக் கட்டியிருக்கும். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் லைவ், நியூட்ரல் இரண்டையும் அறுத்துக்கொண்டு தனியாக ஓடுகிறது. அந்த நேரம் வீட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தொடர்பே கிடையாது, வேறு யாராவது கட்டிவிட்டால் ஒழிய. வாஷிங் மெஷினில் லைவ் வயர் உரசி வெளித்தகட்டில் பட்டது என்று வையுங்கள். அந்தக் கரண்ட் எர்த் வயர் வழியாகப் போய் நியூட்ரலைச் சேர்ந்தால்தானே, கசிவு கண்டால் கரண்ட்டை அறுக்கிற எர்த் லீக்கேஜ் சுவிட்சுக்குத் தெரியும்? பாதை இல்லாவிட்டால் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். முதல் பழுது யாருக்கும் தெரியாமல் அப்படியே இருக்கும். இரண்டாவது பழுது வேறொரு இடத்தில் வரும்போது நடுவில் மாட்டிக்கொள்வது மனிதர்.

இதில் ஏமாற்றுவது எர்த் லீக்கேஜில் இருக்கிற டெஸ்ட் பட்டன். அழுத்தினேன், டிரிப் ஆனது, எல்லாம் சரி என்பார்கள். அந்தப் பட்டன் லைவிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக மறுபக்க நியூட்ரலுக்குத்தான் கரண்ட்டைச் சுற்றிவிடுகிறது. எர்த் வயரை அது தொடுவதே இல்லை. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் டிரிப் ஆகும். கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் தெரியாது. சாக்கெட்டில் செருகி, லைவிலிருந்து எர்த்துக்கே 30 மில்லிஆம்பியர் விட்டுப் பார்க்கிற டெஸ்டர் ஒன்று எலக்ட்ரீஷியனிடம் இருக்க வேண்டும். அதை மூன்று முறை செருக வேண்டும்: மாநகராட்சிக் கரண்ட்டில் ஒரு தடவை, மெயினை இறக்கிப் பேட்டரியில் ஒரு தடவை, ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு தடவை. மூன்றிலும் டிரிப் ஆனால்தான் அவர் கையெழுத்துப் போடலாம்.

பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலை எர்த்தோடு கட்டுவதற்கு, சில இன்வெர்ட்டரில் உள்ளேயே ரிலே இருக்கும். சிலவற்றில் தனியாக ஓடும்போது மட்டும் 230 வோல்ட் தருகிற ஒரு சிக்னல் முனை இருக்கும், அதில் வெளி ரிலே ஒன்று மாட்டி, அமைப்பிலும் ஆன் செய்ய வேண்டும். ஜெனரேட்டருக்கு அதன் பக்கத்திலேயே கட்ட வேண்டும். எந்த நேரத்தில் பார்த்தாலும் கட்டு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும்.


யாழ்-பெனோனி | வெள்ளி இரவு

அண்ணை, ரெண்டு இடத்தில கட்டினா என்ன வரும்? என்ர சிநேகிதன் ஒருத்தன்ர வீட்டில ஜெனரேட்டர் போட்ட உடன எர்த் லீக்கேஜ் விழுந்துகொண்டே இருக்குது. வயர்காரர் வந்து, எர்த் லீக்கேஜ் பழுது எண்டு சொல்லி அதைக் கழட்டிப் போட்டு நேரா இணைச்சிட்டுப் போயிட்டார். பிள்ளையள் இருக்கிற வீடு.


டர்பன் வயர்மேன் | வெள்ளி இரவு

தம்பி, இன்றைக்கு ராத்திரியே உங்கள் சிநேகிதருக்குப் போன் பண்ணுங்கள். எர்த் லீக்கேஜ் திரும்ப வருகிற வரைக்கும் அந்த ஜெனரேட்டரை ஓட்ட வேண்டாம். ஓட்டாவிட்டாலும் அந்த வீட்டுக்கு இப்போது காவல் இல்லை, நாளைக்கே வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அது பெரும்பாலும் இரட்டைக் கட்டுதான். ஜெனரேட்டரில் ஒன்று, இன்வெர்ட்டர் ரிலேயில் ஒன்று. நியூட்ரலில் போக வேண்டிய கரண்ட்டில் பாதி எர்த் வயர் வழியாகப் போகும். போனதும் வந்ததும் ஒத்துவராததால் எர்த் லீக்கேஜ் விழுகிறது. அது தன் வேலையைத்தான் செய்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். ஜெனரேட்டரை ஓட்டி, கெட்டிலைப் போட்டு, எர்த் வயரில் மட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். மூன்று, நான்கு ஆம்பியர் காட்டினால் இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் ரிலே திறக்கிறதா என்று பார்த்து, திறக்கவில்லை என்றால் அதைத் திறக்க வைக்க வேண்டும்.


மிட்ராண்ட்வாசி | சனி காலை

ஒரு நண்பர் வேறு வழி சொல்கிறார். ஜெனரேட்டரை வீட்டு ஏசி வயரிங்கோடு சேர்க்கவே வேண்டாம், 48 வோல்ட் லித்தியம் சார்ஜர் ஒன்று வாங்கி ஜெனரேட்டரிலிருந்து நேராகப் பேட்டரியை ஏற்று என்கிறார். எப்படி?


டர்பன் வயர்மேன் | சனி மதியம்

நல்ல வழி. பலருக்கு அதுதான் சிறந்தது என்றே சொல்வேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு இருக்கிற சார்ஜர் என்றால் ஜெனரேட்டரின் ஏசி வீட்டு ஏசியைத் தொடுவதே இல்லை. ஹெர்ட்ஸ் சண்டை இல்லை, சேஞ்ச்ஓவர் இல்லை, வீட்டுப் பக்கம் நியூட்ரல் குழப்பம் இல்லை. பேட்டரி கம்பெனி சொல்கிற வோல்ட்டேஜுக்குச் சார்ஜரை அமைக்க வேண்டும், பேட்டரி பக்கம் சரியான டிசி ஃபியூஸ் வேண்டும், பேட்டரிக்குள்ளே அதைக் காக்கிற பி.எம்.எஸ். வரம்பைத் தாண்டக் கூடாது. குறை என்று பார்த்தால், பேட்டரியோ இன்வெர்ட்டரோ பழுதானால் ஜெனரேட்டரால் வீட்டுக்கு நேராக உதவ முடியாது. அம்மாவுக்காக அந்தக் கடைசி வழியும் வேண்டும் என்றால், இன்வெர்ட்டரையே தாண்டிப் போகிற ஒரு பைபாஸ் சேஞ்ச்ஓவர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழி போனாலும் சி.ஓ.சி. என்கிற மின் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். வயரிங் தரவிதியான சான்ஸ் 10142-1 இன்படி சோதித்து, தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவர்தான் கையெழுத்துப் போட முடியும். சோலார் போட்டபோது வாங்கிய சி.ஓ.சி. இந்த ஜெனரேட்டர் வேலையை மூடாது, மாற்றத்துக்குத் தனியாக வேண்டும். தீ விபத்து என்று இன்சூரன்ஸுக்குப் போனால் முதலில் கேட்கிற காகிதம் அதுதான். டி.பி. மேலே இந்த இடத்துக்கு வேறு மின்மூலமும் உண்டு என்று எச்சரிக்கும் லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு மெயினை இறக்கிவிட்டு நம்பிக் கை வைக்கப்போகிற ஆளுக்காக அது.


பீனிக்ஸ் கோயில் குழு | சனி இரவு

ஐயாக்களே, எங்கள் கேள்வி கொஞ்சம் பெரியது. கோயில் மண்டபத்தில் 40 கேவிஏ மூன்று ஃபேஸ் டீசல் ஜெனரேட்டர் பல வருடமாக இருக்கிறது. கரண்ட் போனால் தானாக மாற்றிக்கொள்ளும். இப்போது கூரையில் 30 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். பேட்டரி இல்லை, கிரிட்டோடு மட்டும் ஓடும் இன்வெர்ட்டர்கள். தைப்பூசக் காவடி அன்று சமையல்கட்டு, குளிர் அறை, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து நல்ல லோடு. மத்தியானம் கூட்டம் கலைந்ததும் லோடு சரிந்துவிடும்.

சோலார் போட்டவர்கள், ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் சேர்ந்து ஓடும், டீசல் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சமீபத்தில் கரண்ட் போன ஒரு மத்தியானம் ஜெனரேட்டர் சத்தம் ஏறி ஏறி இறங்கியது, விளக்குகள் பளிச்சென்று எரிந்து மங்கின. பயந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டோம்.


பிரிட்டோரியா பொறியாளர் | ஞாயிறு காலை

நிறுத்தியது நல்லது. அங்கே நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஜெனரேட்டர் வந்து 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் நிலையானதும் உங்கள் சோலார் இன்வெர்ட்டர்கள் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்து, கிரிட் திரும்பிவிட்டது என்று நம்பிச் சேர்ந்தன. கூரையில் 22 கிலோவாட் வருகிறது, மண்டபம் கேட்பது 12 என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 கிலோவாட் எங்கே போகும்? வெளியே போக வழி இல்லை, ஜெனரேட்டருக்குள்ளே போகும். கவர்னர் டீசலை முழுதாக மூடும், அப்படியும் சோலார் மோட்டாரைப் போல இஞ்சினைச் சுற்றவைக்கும். வேகம் ஏறும், ஹெர்ட்ஸ் 52 ஐத் தாண்டும், சோலார் விலகும். லோடு மொத்தமும் திடீரென்று ஜெனரேட்டர் மேல் விழும், வேகம் இறங்கும். ஒரு நிமிடம் கழித்து சோலார் மறுபடி வரும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். ஆல்டர்னேட்டருக்கும் ஏ.வி.ஆர். க்கும் மண்டபத்து எலக்ட்ரானிக்ஸுக்கும் இது கொலைவேலை.

சோலார் சரியாகத் தள்ளி, ஜெனரேட்டருக்குள் பின்னோட்டம் இல்லாமல் இருந்தாலும் இன்னொரு கேடு உண்டு. டீசல் இஞ்சின் 30 விழுக்காட்டுக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். 40 கேவிஏ என்றால் 32 கிலோவாட், அதில் 30 விழுக்காடு ஏறத்தாழ 10 கிலோவாட். அந்தப் பத்தும் எப்போதும் ஜெனரேட்டர் மேலேயே இருக்க வேண்டும். மண்டபம் 25 கேட்டால் சோலார் 15 க்கு மேல் தரக் கூடாது. மண்டபம் 12 கேட்டால் சோலார் 2.

இதைக் கணக்கிட்டு நொடிக்கு நொடி சோலாரைக் குறைக்கும் கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. ஜெனரேட்டர் பக்கம் கரண்ட்டை அளக்கும் கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் மாட்டி, தகவல் கேபிள் வழியாக இன்வெர்ட்டர்களுக்குச் சொல்லும். டீசல் மிச்சம் என்பது அந்தக் கன்ட்ரோலர் இருந்தால்தான் உண்மை. அதோடு பின்னோட்ட ரிலே ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

கோயிலுக்கு என் யோசனை வேறு. வருடத்தில் ஜெனரேட்டர் ஓடப்போவது எத்தனை மணி நேரம்? சில பத்து மணி நேரம் என்றால், ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரை முழுதாக விலக்கிவிடுங்கள். ஒரு காண்டாக்டர் (காயிலில் கரண்ட் விட்டால் இயங்கும் பெரிய சுவிட்ச்) போதும். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், ஜெனரேட்டர் பிழைக்கும்.


பீனிக்ஸ் கோயில் குழு | ஞாயிறு மாலை

குழுவில் பேசினோம் ஐயா, காண்டாக்டர் வழிதான். ஒரு பெரியவர் பேட்டரி வாங்கி, பெரிய இன்வெர்ட்டர் சார்ஜர் வைத்து எல்லாவற்றையும் சேர்க்கலாமே என்றார். இன்னொரு சந்தேகம், அந்தக் காண்டாக்டரே கெட்டுப்போனால்? ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும்போது சிக்னல் போகாமல் இருந்துவிட்டால் சோலார் உள்ளேயே இருந்துவிடாதா?


பிரிட்டோரியா பொறியாளர் | ஞாயிறு இரவு

பெரியவர் சொன்னது பிறகு செய்யலாம். ஆனால் அப்போதும் இதே கேள்வி வரும் என்று சொல்லுங்கள். பேட்டரி இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது ஹெர்ட்ஸை ஏற்றிச் சோலாரைக் குறைக்க வைக்கும். ஜெனரேட்டர் சேர்ந்துவிட்டால் ஹெர்ட்ஸை முடிவு செய்வது ஜெனரேட்டர், பேட்டரி இன்வெர்ட்டரின் அந்தக் கைப்பிடி போய்விடும். சோலாரை விலக்கவோ குறைக்கவோ தனி ஏற்பாடு அங்கேயும் தேவை.

காண்டாக்டர் கெட்டால் என்ன என்பது மிகச் சரியான கேள்வி. அதனால்தான் ஜெனரேட்டர் சிக்னலால் சோலாரை விலக்கும்படி செய்யக் கூடாது, தலைகீழாகச் செய்ய வேண்டும். காயிலில் கரண்ட் இல்லாதபோது திறந்தே இருக்கும் வகைக் காண்டாக்டர் எடுங்கள். காயிலுக்கான 230 வோல்ட்டை, தானாக மாற்றும் சுவிட்சான ஏ.டி.எஸ். க்கு முன்னால், மாநகராட்சிப் பக்கத்திலிருந்து எடுங்கள். மாநகராட்சிக் கரண்ட் இருந்தால் மட்டுமே காண்டாக்டர் மூடும், சோலார் சேரும். கரண்ட் போனாலும், காயில் எரிந்தாலும், வயர் அறுந்தாலும், அந்த ஃபியூஸ் போனாலும் அது திறந்துவிடும். மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபேஸ் ரிலே ஒன்றையும் காயிலோடு சேருங்கள், ஒரு ஃபேஸ் மட்டும் போகிற நாள் பீனிக்ஸில் நிறைய வரும்.

மிஞ்சுவது ஒன்றுதான், காண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டு திறக்காமல் நிற்பது. அதற்குக் காண்டாக்டரோடு சேர்ந்தே நகரும் துணை முனையை ஜெனரேட்டர் பக்கத்து ஏ.டி.எஸ். காயிலோடு தொடராகக் கட்டச் சொல்லுங்கள். காண்டாக்டர் உண்மையாகவே திறந்தால்தான் ஜெனரேட்டர் மண்டபத்தோடு சேரும். மூன்று ஃபேஸ் வேலை என்பதால் ஒரு ஃபேஸ் சோதனையாளர் உரிமம் மட்டும் உள்ளவர் கையெழுத்துப் போட முடியாது, அதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடம் வந்ததும் இங்கே போடுங்கள், வயர்மேனும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.


டர்பன் வயர்மேன் | ஞாயிறு இரவு

பீனிக்ஸ் எனக்குப் பக்கம்தான். வரைபடம் வந்தபிறகு ஒரு சனிக்கிழமை டெஸ்டரோடு வருகிறேன். ஏ.டி.எஸ். நான்கு துருவமா மூன்றா என்று மட்டும் இப்போதே படம் எடுத்துப் போடுங்கள். மூன்று துருவம் என்றால் ஜெனரேட்டரின் நியூட்ரல் எங்கே கட்டியிருக்கிறது என்று முதலில் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.